வராத வடைத் தட்டு

ஜோசப்பின் டீச்சர் ஹற்றன் ஸ்டேஷனில் இறங்கி மூக்கை ஒருமுறை உறிஞ்சினால் போதும், எந்தக் கடைச் சாம்பாரில் நேற்றைய பருப்பு கிடக்கிறதென்று சொல்லிவிடுவார். அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு வெளியேறிய ஒரு கடை அன்றிரவே பலகையைக் கழற்றி, மறுநாள் காலையில் செருப்புக் கடையாகத் திறந்தது. சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்லிவிட்டேன். செருப்புக் கடை மறுநாளே வரவில்லை. நடுவில் கொஞ்சக் காலம் அங்கே ஃபோனுக்கு ரீலோட் போட்டார்கள். சாம்பாரையும் டீச்சர் ஒரு வாய் ருசித்துப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்வார். மூக்கு உறிஞ்சுவது அந்த ஊர்ப் பனிக்கு எல்லோருக்கும் உள்ள பழக்கம்.

ஆனால் தீர்ப்பு மட்டும் நிசம். அதற்கு ஊரே காத்திருந்தது.

டீச்சர் பிறந்தது றொசல்லைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லய வரிசை வீடொன்றில். கொழுந்தெடுத்த அந்தோணியம்மாவுக்கு ஒரே மகள். படித்து, ஹற்றனிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் இலக்கியம் கற்பிக்க வந்துவிட்டார். கலியாணம் கட்டிக்கொள்ளவில்லை. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைகள் பலகாரத் தட்டில் கை வைத்த விதத்தைப் பார்த்தே ஒவ்வொருவருக்கும் மார்க் போட்டு அனுப்பிவிட்டார் என்று ஒரு பேச்சு உண்டு. ஒரு மாப்பிள்ளையைப் பொறுத்தவரை அது முழு உண்மை.

"பாத்திரம் என்ன சொல்லுதுன்னு எழுதாதீங்க புள்ளைங்களா, என்ன செய்யுதுன்னு எழுதுங்க" என்பது வகுப்பில் அவருடைய வேதம். கடைகளையும் அப்படியே படித்தார். பலகையில் எழுதியிருப்பது வெறும் தலைப்பு. தலைப்புக்கு யாராவது மார்க் போடுவார்களா? கல்லாவில் இருப்பவர் கதாநாயகன். பரிமாறுகிறவன் கை எந்தப் பக்கம் முதலில் நீளுகிறதோ, அதுதான் கருப்பொருள்.

கடைகளைச் சோதிக்க அவரிடம் ஒரு தராசு இருந்தது. அது அந்தோணியம்மாதான். சைவக் கடைகளில் ஒரு வழக்கம்: ஆள் உட்கார்ந்ததும், கேட்காமலேயே மேசை நடுவில் வடைத் தட்டு வந்து இறங்கும். உளுந்து வடை, பருப்பு வடை, சுசியம் எல்லாம் குவிந்திருக்கும். தின்றதற்கு மட்டும் காசு; மிச்சம் தட்டோடு திரும்பிப் போகும். தட்டு வந்தால், நீயும் ஒரு ஆள் என்று கடை ஒப்புக்கொண்டதாக அர்த்தம். டீச்சர் தன் தாயை நரைத்துப்போன சேலையும் ரப்பர் செருப்புமாக முன்னால் அனுப்புவார். பின்னாலேயே யாரோ போல வந்து மூலை மேசையில் உட்கார்ந்து கவனிப்பார். கழுத்துப்பட்டி கட்டிய ஐயாவுக்கு வந்த தட்டு அதே வேகத்தில் தோட்டத்துக் கிழவிக்கும் வந்தால், அதற்குப் பிறகுதான் ருசி, உப்பு, சட்னியெல்லாம். வராவிட்டால் தேவலோகத்து வடையானாலும் எழுந்து போய்விடுவார்.

"எனக்கு இருக்கிறது நாலு பல்லு. அத வச்சி ஊரெல்லாம் வடை திங்கச் சொல்லுறா இவ" என்று அந்தோணியம்மா சலித்துக்கொள்வார். ஆனால் ஒரு நாளும் வரமாட்டேன் என்றதில்லை.

டீச்சரின் தீர்ப்பை ஃபேஸ்புக்கில் போடுவது கோகுலராஜின் வேலை. அவரிடம் படித்தவன், இப்போது மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிறான். அவன் நடத்திய சாப்பாட்டுப் பக்கத்தை கந்தப்பளை முதல் கொழும்பு வரை ஆட்கள் பார்த்தார்கள்.

இத்தனை கடைகளுக்கும் தீர்ப்புச் சொன்ன டீச்சர், ஒரே ஒரு கடையைப் பற்றி வாயே திறந்ததில்லை. அது நாகரத்தினம் முதலாளியின் கடை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, தகப்பன் காலத்திலிருந்து நடக்கும் பழைய சைவக் கடை.

காரணம் வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. சர்ச்சில் முதல் நற்கருணையான புதுநன்மை எடுக்கிற வயசில், அதற்கான வெள்ளைத் துணி வாங்க அம்மாவோடு ரயிலேறி ஹற்றனுக்கு வந்தார். துணிப் பொட்டலத்தோடு அந்தக் கடையில் ஏறி உட்கார்ந்தார்கள். கடைக்கார இளந்தாரி ஒருவன் வடைத் தட்டோடு வந்தான். பக்கத்தில் வந்துவிட்டான். சுசியத்தின் வெல்ல வாசம்கூட மூக்கில் ஏறிவிட்டது. சட்டென்று திரும்பி, தட்டை வேறு மேசையில் வைத்துவிட்டான். தோட்டத்து ஆளென்று கண்டுகொண்டான், அவ்வளவுதான். அந்தத் தட்டு திரும்பிப் போன போக்கைச் சின்ன ஜோசப்பின் மறக்கவே இல்லை. அதற்குப் பிறகு அவர் ஏறிய கடைகளிலெல்லாம் தேடியது அந்தத் தட்டைத்தான்.

விதி பாருங்கள், ஊர் வாசகர் வட்டத்துக்கு மாதக் கூட்டம் வைக்க அந்தக் கடையின் மாடியை விட்டால் வேறு இடம் கிடைக்கவில்லை. டீச்சர் வருவார், பேசுவார். தொண்டை காய்ந்தால் வீட்டிலிருந்து பிளாஸ்கில் கொண்டுவந்த தேத்தண்ணியைக் குடிப்பார். அந்தோணியம்மாவோ ஒவ்வொரு முறையும் பூசை முடிந்து கூடவே வந்து, கீழே ஜம்மென்று உட்கார்ந்துவிடுவார்.

"எல்லாக் கடையும் இருக்க, இந்தக் கடைக்கே ஏம்மா வாற?"

"வடை நல்லாருக்குடி."

அந்த ஞாயிற்றுக்கிழமை வட்டத்துக்கு ஒரு முக்கியமான வேலை இருந்தது. ஆண்டு மலரில் ஒரு கதைக்குத்தான் இடம் பாக்கி. வந்த கதைகள் எல்லாம் பெயரில்லாமல் வந்தவை. எழுதியவர் யாரென்று செயலாளர் சுந்தரலிங்கத்துக்கு மட்டும்தான் தெரியும். மருந்துக்கடை வைத்திருக்கிற மனிதர். நோயாளி பெயரைப்போல எழுத்தாளர் பெயரையும் வெளியே விடமாட்டார். கடைசியாக எடுத்த கதையை அவரே வாசித்தார்.

அடைமழை நாள். ஒரு கடை. படிக்கட்டில் ஒரு பலகை மிதித்தால் கிறீச்சென்று கத்தும். ஒரு தாயும் மகளும் வருகிறார்கள். ஒரு பிளேன்டீயும் ஒரு வெறுங்கோப்பையும் கேட்கிறாள் தாய். கடைக்காரன் மகன் வடைத் தட்டை எடுத்துக்கொண்டு போகிறான். மேசைக்கு அருகில் போய் நிற்கிறான். திரும்பிவிடுகிறான். பிள்ளையின் கண் தட்டின் பின்னாலேயே போகிறது. "ஏண்டா அங்க தட்டு வைக்கல?" என்று கல்லாவிலிருந்த தகப்பன் எல்லோர் முன்னாலும் ஏசுகிறார். மறந்துவிட்டேன் என்று அவன் பொய் சொல்கிறான். தாயும் மகளும் மழையில் இறங்கிப் போகிறார்கள். பிள்ளையின் மார்போடு ஒரு துணிப் பொட்டலம்.

கதை அவ்வளவுதான்.

டீச்சரின் கை மேசைக்கடியில் சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தது. துணிப் பொட்டலம் என்றதும் அது நின்றுவிட்டது. அந்தப் பொட்டலத்தின் கனம்கூட அவருக்கு ஞாபகம் இருந்தது.

முதலில் எழுந்தவன் கோகுலராஜ். அவன் உட்கார்ந்துகொண்டு பேசி யாரும் பார்த்ததில்லை.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? தோட்டத்து ஆளுன்னா எளப்பம். டவுன் கடைக்காரன் நம்ம ஆளுங்கள மதிச்ச லட்சணம். இதுதான் கரு."

"அப்ப தகப்பன் ஏன் ஏசுறாரு தம்பி?" என்றார் சுந்தரலிங்கம்.

"அவருக்கு யாவாரம். மகனுக்குத் திமிரு. ரெண்டும் ஒரே வீட்டுல இருக்கும்."

சொல்லிக்கொண்டே நடந்து போய், படிக்கட்டின் மேல் பலகைகளை ஒவ்வொன்றாக மிதித்தான். மூன்றாவது பலகை கிறீச்சென்றது. எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பாத்தீங்களா? எந்தக் கடைன்னு இன்னும் சொல்லணுமா?"

கீழே இருந்து கோப்பைச் சத்தம் வந்துகொண்டிருந்தது. அது ஒரு நிமிஷம் நின்றாற்போல டீச்சருக்குப் பட்டது.

கோகுலராஜ் ஃபோனை எடுத்து எழுத ஆரம்பித்தான். எழுதிவிட்டு வாசித்தும் காட்டினான். தோட்டத்துத் தாய்க்கும் பிள்ளைக்கும் தட்டு வைக்காத கடை. அதன் பெயர், படம், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே என்ற அடையாளம், எல்லாம் இருந்தன.

"கோகுல், யோசிச்சுப் போடு" என்றார் சுந்தரலிங்கம். அவர் குரல் வழக்கத்தைவிட இறுகியிருந்தது. "உந்துவப் போயா பௌர்ணமியோட சிவனொளிபாத மலை சீசன் தொடங்குது. மலையேற நல்லதண்ணிக்குப் போற பஸ் எல்லாம் எதுத்தாப்ல தான் நிக்கும். அந்தச் சனம் வந்து சாப்பிட்டாத்தான் இந்தக் கடைக்கு வருசம் ஓடும். நீ இதப் போட்டா ஒருத்தன் படியேறமாட்டான்."

"ஏறவேணாம். நான் சும்மா போடமாட்டேன் சேர். டீச்சர் ஒரு வார்த்தை சொல்லட்டும். அவன் கெட்டவன்னு டீச்சர் சொன்னா போடுறேன். இல்லன்னா அழிக்கிறேன்."

எல்லா முகமும் டீச்சர் பக்கம் திரும்பியது.

இத்தனை வருஷமாகக் காத்திருந்த வார்த்தை அது. ஒரே வார்த்தை. தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் வாயில் வேறொன்று குறுக்கே நின்றது. அந்தப் பொய். மறந்துவிட்டேன் என்று அவன் ஏன் பொய் சொல்லவேண்டும்? தோட்டத்து ஆளுக்கு எதற்கு என்று அந்தக் காலத்தில் ஒருவன் சத்தமாகவே சொல்லியிருக்கலாம், யாரும் கேட்கப்போவதில்லை. எல்லோர் முன்னாலும் ஏச்சு வாங்கிக்கொண்டு ஒருவன் பொய் சொல்கிறான் என்றால், எதையோ மறைக்கிறான். தகப்பன் ஏசினது டீச்சருக்கு ஞாபகமே இல்லை. அன்று அவர் கண் தட்டை விட்டு அசையவில்லை. காதுக்கு என்ன வேலை?

பாத்திரம் என்ன செய்யுதுன்னு எழுதுங்க. எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பார்.

"கதையை ஒருக்கா குடுங்க" என்று வாங்கினார். எழுத்துகள் நீரில் மிதந்தன. 'மேசைக்கு அருகில் போனான். தாயைப் பார்த்தான். திரும்பினான்.' சுந்தரலிங்கம் வாசித்தபோது அந்த நடு வசனம் காதில் விழாமலே போயிருந்தது. தாயைப் பார்த்தான். அவனையும் தன்னையும் தவிர, அந்த மேசையில் அன்று மூன்றாவதாக அம்மா இருந்தார் அல்லவா!

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். நேரே படியில் இறங்கினார். படிக்கட்டின் திருப்பத்தில் நாகரத்தினம் முதலாளி தேத்தண்ணித் தட்டத்தைப் பிடித்தபடி நின்றார். கோப்பைகளில் ஆவி அடங்கிவிட்டிருந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ? அவர் ஒதுங்கினார். டீச்சர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்தோணியம்மா கீழே பருப்பு வடையைத் தேத்தண்ணியில் நனைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா. புதுநன்மைத் துணி வாங்க வந்தோமே, அன்னைக்கு இந்தக் கடையில தட்டு ஏன் வரல?"

அந்தோணியம்மா வடையைக் கீழே வைத்தார். மகளை மேலும் கீழும் பார்த்தார்.

"இப்ப எதுக்குடி அது?"

"சொல்லுங்கம்மா. மேல ஒரு மனுசனோட பொழப்பு நிக்குது."

"வந்துச்சு. நாந்தான் கண்ணால வேணாம்னேன்."

"என்ன?"

"துணி வாங்கின மிச்சம் ரயிலுக்கும் ஒரு தேத்தண்ணிக்குந்தான் காணும். தட்ட வச்சா நீ கைய நீட்டுவ. உன் கையத் தட்டிவிட எனக்கு மனசு வருமா? அந்தத் தம்பி என் மூஞ்சியப் பாத்தாரு. நான் கண்ணச் சிமிட்டுனேன். சத்தமில்லாம திரும்பிட்டாரு. அவுங்க அப்பா ஏசுனாரு பாரு, அப்பிடி ஏச்சு. வாயத் தொறக்கலியே மனுசன்!"

டீச்சர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏம்மா இத்தன வருசமா எனக்குச் சொல்லல?"

"நீ கேட்டியா? தட்டு வரல, தட்டு வரலன்னு நீயாத்தானே பாடிக்கிட்டிருந்த. கடைக்காரன் மேல கோவமா இருந்தா ஆத்தா மேல கோவம் வராதுல்ல. அப்பிடியே இருக்கட்டும்னு விட்டுட்டேன்." வடையை மறுபடி எடுத்தார். "பாவந்தான். அதான் மாசாமாசம் வந்து அவரு வடையத் திங்கிறேன்."

மேலே நாற்காலி இழுபட்டது. கோகுலராஜின் குரல் உரத்துக் கேட்டது: "டீச்சர் அழுதுக்கிட்டு எறங்குனாங்களே, அதுக்கு மேல தீர்ப்பு என்ன வேணும்? போட்டுட்டேன்!"

டீச்சர் ஓடினார். மூன்றாவது பலகை கிறீச்சென்று அலறியது. முதலாளி அதே இடத்தில் அப்படியே நின்றார்.

"கோகுல்! நிப்பாட்டு!"

"டீச்சர், நீங்க..."

"நிப்பாட்டுடா!"

அவன் ஃபோனைத் திருப்பிக் காட்டினான். வெளியே மழை பிடித்திருந்தது; மழைக்கு அந்த ஊரில் சிக்னல் ஒளிந்துகொள்ளும். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. போகவும் இல்லை, நிற்கவும் இல்லை. நிறுத்த அவன் அழுத்தினான். சுற்றியது. மறுபடி அழுத்தினான். சுற்றியது. சுந்தரலிங்கம் எழுந்து பின்னால் வந்து நின்றார். கடைசியில் திரை ஒருமுறை கறுத்து, வெறும் பக்கமாக வந்தது.

"போகல" என்றான். "போகல டீச்சர்."

அறையில் யாரோ நீளமாக மூச்சு விட்டார்கள்.

டீச்சர் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். இதைச் சொன்னால் இதுவரை சொன்ன தீர்ப்புகளையெல்லாம் ஊர் திருப்பிப் பார்க்கும் என்பது அவருக்குத் தெரியும். இருந்தாலும் சொன்னார்.

"இந்தக் கதைக்கு நான் நடுவர் இல்ல. அந்தப் புள்ள நான்தான். இத்தனை காலமா இந்த ஆளுக்கு நான் முட்டை மார்க் போட்டு வச்சிருந்தேன். கோகுல், 'மறந்துட்டேன்னு பொய் சொன்னான்'னு வருதே, அதுக்கு நீ என்ன எழுதுவ?"

கோகுலராஜ் கொஞ்சம் யோசித்தான். உட்கார்ந்துகொண்டு யோசித்தான்.

"அவன் யாரையோ... அந்த அம்மாவோட மானத்த..." நிறுத்திவிட்டான். "அப்ப தட்டு வேணாம்னது அவங்களா டீச்சர்?"

"ஏச்சு வாங்கினாலும் அவன் சொல்லல. கதை எழுதுறப்பவும் எழுதல. அதாண்டா பாத்திரம். மலருக்கு இந்தக் கதைதான்."

சுந்தரலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எழுதினவர் முன்னுக்கு வரலாம்" என்று வாசலைப் பார்த்துச் சொன்னார்.

மூன்றாவது பலகை கிறீச்சென்றது. நாகரத்தினம் முதலாளி உள்ளே வந்தார். அவர் கையில் தேத்தண்ணித் தட்டம் இல்லை. வடைத் தட்டு இருந்தது. பின்னாலேயே கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து அந்தோணியம்மா ஏறி வந்தார், நடப்பது என்னவென்று பார்க்காமல் அவரால் கீழே இருக்க முடியுமா?

முதலாளி மேசைக்கு அருகில் வந்தார். நின்றார். பழக்க தோஷம்போல அந்தோணியம்மாவின் முகத்தைத்தான் முதலில் பார்த்தார்.

"வைங்க தம்பி" என்றார் கிழவி.

தட்டு டீச்சருக்கு முன்னால் இறங்கியது. கோகுலராஜ்கூட ஃபோனைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டான். டீச்சர் ஒரு உளுந்து வடையை எடுத்துப் பிய்த்தார். மென்றார். ஊரே காத்திருந்த தீர்ப்பு.

"உப்பு கொஞ்சம் கம்மி" என்றார்.

முதலாளி சிரித்தார்; சிரிக்கும்போதே கண் கலங்கியது. தோளில் கிடந்த துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"உப்பு போடச் சொல்றேங்க டீச்சர். கதையில ஒண்ண நான் எழுதாம விட்டுட்டேன். எழுதினா நம்மள நாமே பெரிசாக் காட்டிக்கிற மாதிரி இருக்கும். அன்னைக்கு நீங்க எறங்குறதுக்கு முந்தி, அப்பாவுக்குத் தெரியாம பெஞ்சுல இருந்த அந்தத் துணிப் பொட்டலத்துக்குள்ள ஒரு சுசியத்தப் பேப்பர்ல சுத்தி வச்சேன். இத்தன வருசமா கேக்கணும்னு இருந்தேன். ரயில்ல சாப்பிட்டீங்களா?"

"சுசியமா?" என்றார் டீச்சர். "எந்தச் சுசியம்?"

எல்லோரும் மெல்லத் திரும்பினார்கள். அந்தோணியம்மா தட்டிலிருந்து இன்னொரு வடையை எடுத்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணில்ல தம்பி, நீங்க வச்சது ரெண்டு" என்றார். "இவ ரயில் ஏறுன ஒடனே தூங்கிட்டா. ஆறிப்போயிருமேன்னு நாந்தான் தின்னேன்."